ஆன் ஆகாத கோர் 2 டுவோவும் உப்பிய கெப்பாசிட்டர்களும்

2008-ல் வாங்கிய கோர் 2 டுவோ புராசஸர் கம்ப்யூட்டர். இன்டெல் ஜி31 சிப்செட் மதர்போர்டு, டிடிஆர்2 ராம் 2 ஜிபி. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு நொடி சுற்றும், நிற்கும், மறுபடி தானாகவே சுற்றும். திரையில் ஒன்றும் வராது. கடையில் பார்த்துவிட்டு, "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. காலையில் முரண்டு பிடிக்கிற அதே மெஷின், விடாமல் முயன்றால் மதியத்துக்குள் ஓடிவிடும். ஒரு தடவை ஓடிவிட்டால் ராத்திரி வரை தொந்தரவே இல்லை. செத்துப்போன போர்டு இப்படி நேரம் பார்த்து உயிர் பெறாது.

முதலில் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது வீட்டு மின்சாரத்தைக் குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் பவர் சப்ளை பெட்டி. பிளக்கைச் செருகியதுமே ஊதா வயரில் 5 வோல்ட் இருக்க வேண்டும், இருந்தது. பச்சை வயரைக் கறுப்போடு இணைத்தால் தனியாக ஓடியது. ஆனால் சுமை இல்லாமல் அளப்பதை நம்ப முடியாது. 24 பின் கனெக்டரைப் போர்டில் செருகிவிட்டு, மல்டிமீட்டர் முனையைப் பின்பக்கமாக நுழைத்து அளந்தேன். 12 வோல்ட் வர வேண்டிய மஞ்சள் வயரில் 11.9 வோல்ட். 11.4 முதல் 12.6 வரை இருந்தால் சரிதான். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

அடுத்து ராம், ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மெஷின் ஓடுகிற மதிய வேளையில் ஆன் செய்தேன். நீளமான பீப் சத்தம். நல்ல செய்தி! ராம் இல்லை என்று சொல்லும் அளவுக்கு புராசஸரும், மெஷினைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளும் வேலை செய்கின்றன.

மிச்சம் இருப்பது புராசஸரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்கள். டார்ச் அடித்துப் பார்த்ததில் சிலவற்றின் தலை லேசாக உப்பியிருந்தது. ஒன்றின் தலையில், அழுத்தம் கூடினால் பிளப்பதற்காகக் கீறியிருக்கும் கோட்டில் பழுப்புக் கறை. 12 வோல்ட்டைப் புராசஸருக்கு வேண்டிய ஒரு வோல்ட் சொச்சமாக இறக்கும்போது அலை இல்லாமல் சீராக்குவது இவைதான். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் வற்றினால் உள்தடை கூடும், குளிரில் இன்னும் கூடும், சூடானால் குறையும். காலைப் பிடிவாதத்துக்குக் காரணம் இதுவாக இருந்தால் சூடு காட்டியதும் ஓட வேண்டும் இல்லையா? மறுநாள் காலை, பிளக்கைச் செருகாமலே, ஹேர் டிரையரால் அந்த இடத்தை மட்டும் சூடாக்கிவிட்டு, பிறகு பிளக்கைச் செருகி ஆன் செய்தேன். முதல் அழுத்திலேயே ஓடியது. இந்த வேலையிலேயே எனக்கு அதிக சந்தோஷம் தந்த நிமிடம் அதுதான்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் 1500 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்த ரகம்) என்று கேட்டு புது கெப்பாசிட்டர்கள் வாங்கினேன். சாதாரண ரகம் இங்கே உதவாது. அதே மதிப்பில் 10 வோல்ட் கிடைத்தாலும் போடலாம், குட்டையாகவும் ஒல்லியாகவும் இருந்து இடத்தில் உட்கார்ந்தால் போதும்.

கழற்றுவதுதான் பொறுமையான வேலை. போர்டின் உள்ளடுக்குச் செம்பு சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடுவதால் 25 வாட் சால்டரிங் அயர்ன் போதாது. 60 வாட் எடுத்தேன். பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் வைத்தால் சீக்கிரம் இளகும். ஒரு காலைச் சூடாக்கி லேசாகச் சாய்த்து, பிறகு மறு காலை. துளை அடைபட்டால் பல்குச்சியால் திறக்கலாம், ஈயம் மரத்தில் ஒட்டாது. கழற்றுமுன் போட்டோ எடுத்துக்கொள்வது அவசியம். போர்டில் வண்ணம் பூசிய பாதி சில கம்பெனிகளில் நெகட்டிவ், சிலவற்றில் பாசிட்டிவ். மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

அப்புறம் 2.6 வோல்ட்டுக்கு இறங்கியிருந்த சிஆர்2032 பேட்டரியை (போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி) மாற்றினேன், புராசஸரின் சூட்டை அதன் மேலுள்ள ஹீட் சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் பூசினேன்.

இப்போது காலையிலும் ஒரே அழுத்தில் ஆன் ஆகிறது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடியும் பிழை இல்லை. ஹார்ட் டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் தகவலில்தான் ரீஅலொகேட்டட் செக்டர்கள், அதாவது பழுதாகி வேறிடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகள், தெரிகின்றன. உள்ளே இருக்கும் குடும்பப் படங்களை முதலில் நகல் எடுத்துவிட்டு, அடுத்து ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் பாகம் இல்லாத ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டுப் பார்க்கப் போகிறேன்.