கேட்காமலே 'இல்லை' என்று நிரப்பிய படிவம்

முதல் நாள் போனது வீண். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குத் தேதி கொடுத்தவர்கள் முன்னேற்பாடு பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேசையில் படுத்த பிறகுதான், "உள்ளே வைக்கும் மாத்திரை ஏதாவது வைத்தீர்களா?" என்ற கேள்வி. முந்தின இரவு வைத்திருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் இந்தப் பாப் ஸ்மியர் பரிசோதனைக்கு முந்தைய 48 மணி நேரம் உடலுறவு, உள்வைக்கும் மாத்திரை, கிரீம், டாம்பான், உள்ளே நீர் பாய்ச்சிக் கழுவுவது எதுவும் கூடாது. மாதவிலக்கு நாட்களையும் தவிர்த்துத் தேதி வாங்குங்கள். ரத்தமோ மருந்தோ செல்களை மறைத்தால் 'மாதிரி போதவில்லை' என்று வரும். மறுபடி அலைய வேண்டும்.

அதைவிட ஆறாத கோபம் படிவத்தின் மேல்தான். எழுத்தர் பாதிக் கேள்விகளைக் கேட்கவே இல்லை. தானாக 'இல்லை' போட்டுக்கொண்டே போனார். கேட்ட ஒன்றையும் வரிசை முழுக்கக் கேட்கும்படி, "கணவர் ஒருவர்தானே?" என்றார். அங்கே யார் வாய் திறப்பார்கள்? செவிலியரிடம் தனியாகச் சொல்கிறேன் என்று படிவத்தைக் கேட்டு வாங்கித் திருத்த வைத்தது நல்லதாயிற்று. நீங்களும் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே உடலுறவு வழியாகத் தொற்றும் எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது, அதன் 16, 18 ஆகிய இரு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். தொற்று பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் தானே போய்விடும். போகாமல் தங்குவதுதான் ஆபத்து. அதற்கு வழிவிடுவது எது என்றுதான் அந்தக் கேள்விகள் தேடுகின்றன.

புகைப்பழக்கத்தைப் பெண்களிடம் கேட்பதே இல்லை, நீங்களே சொல்லுங்கள். புகையிலையின் ரசாயனங்கள் கருப்பைவாய்ச் சளி வரை போய்ச் சேர்கின்றன, வைரஸை விரட்டும் சக்தியும் குறைகிறது. கருத்தடை மாத்திரைக்கு 'ஆம்' மட்டும் போதாது, எத்தனை ஆண்டு என்று எழுத வையுங்கள்: 5 ஆண்டு தாண்டினால் ஆபத்து கூடும், நிறுத்தினால் படிப்படியாகக் குறையும். அதற்காக மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள். துணை ஒருவரே என்றாலும், அவருடைய முந்தைய உறவுகளும் கணக்கில் வரும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும்; அது மூடாத தோல் வழியாகவும் தொற்றும் என்பதால் முழுக் காப்பு இல்லை.

எச்.ஐ.வி. இருப்பதை மறைப்பதுதான் பெரிய இழப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி எச்.பி.வி. பரிசோதனை (அந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது) மற்றவர்களுக்கு 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுக்கு ஒரு முறை, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25லேயே தொடங்கி 3 முதல் 5 ஆண்டுக்கு ஒரு முறை. பொய்யான 'இல்லை' இந்தத் தேதியையே தள்ளிப்போடும்.

மாதிரி எடுத்தது சில நிமிட வேலை. முடிவுச் சீட்டில் அடுத்த தேதி இல்லை. என்ன பரிசோதனை, அடுத்தது எப்போது, இரண்டையும் எழுதி வாங்கிய பிறகே அங்கிருந்து நகர்ந்தேன்.