ஸ்பிட்ஃபயர் இன்ஜினுக்குக் கனெக்டிங் ராட் தேடியபோது

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வண்டிக்கொட்டகையில் நெடுங்காலமாக நின்றிருந்த அம்மானுடைய ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 காரின் இன்ஜினை இப்போது முழுவதுமாகப் பிரித்திருக்கிறேன். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருப்பது தெரியாமல் எப்போதோ ஸ்டார்ட்டரைப் போட்டிருக்க வேண்டும். தண்ணீர் அமுங்காது என்பதால், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளில் மூன்றாவது வளைந்திருந்தது. வளைந்ததை நிமிர்த்திப் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் சொன்னார்கள். அதற்கு என் மனம் ஒப்பவில்லை.

வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர், 1296 சி.சி. இன்ஜினுக்குப் பொருந்தும் என்று உறுதி சொல்லி நான்கு ராடுகளை அனுப்பினார். ஷெல் பேரிங் என்னும் மெல்லிய உலோகத் தாங்கியோடு, கிராங்க் தண்டில் ராட் பொருந்தும் உருளைப் பகுதியான கிராங்க் பின்னில் மாட்டிப் பார்த்தால், குழந்தையின் கையில் பெரியவர்களின் வளையலைப் போட்டதுபோல் தொளதொளவென்று ஆடியது. மார்க் 3 இன்ஜினின் கிராங்க் பின் விட்டம் சுமார் 41.3 மி.மீ. அடுத்து வந்த மார்க் 4 இன்ஜினுக்கும் அதே 1296 சி.சி., பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரமான ஸ்ட்ரோக்கும் அதே 76 மி.மீ., ஆனால் பெரிய ட்ரையம்ஃப் இன்ஜின்களின் உதிரிபாகங்களோடு ஒத்துப்போவதற்காக அதன் பின்னை 47.6 மி.மீ. ஆக்கிவிட்டார்கள். ஆகவே காரின் பெயரையும் சி.சி.யையும் மட்டும் சொல்லி ராட் வாங்கக் கூடாது. கிராங்கை மைக்ரோமீட்டரால் அளந்து, முன்பே கிரைண்டிங் செய்து பின்னின் விட்டத்தைக் குறைத்திருக்கிறார்களா என்றும் பார்த்து, இரு முனைத் துளைகளின் விட்டம், அவற்றின் மையங்களுக்கு இடையிலான நீளம், பிஸ்டனை ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின் புஷ்ஷில் சுழல்கிறதா ராடில் இறுகி நிற்கிறதா என்பது வரை எழுதிக்கொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும்.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் ராடுகளைப் போடலாமே என்று காரைக்குடி லேத் பட்டறையில் கேட்டார்கள். அந்த 948 சி.சி. இன்ஜினுக்கும் ஸ்ட்ரோக் 76 மி.மீ. தான் என்பதால் அது நியாயமான கேள்வியே. ஆனால் அதன் பிஸ்டன் விட்டம் 63 மி.மீ., என்னுடையது 73.7 மி.மீ.; கூடுதல் எடையுள்ள பிஸ்டனைப் பழைய ஹெரால்டு ராடின் பொறுப்பில் விட எனக்குத் துணிவில்லை. 6000 ஆர்.பி.எம்.மில் பிஸ்டன் நொடிக்கு 200 முறை நின்று திரும்புகிறது. எரிந்த புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில் அதை எதிர்த்துத் தள்ள வாயு அழுத்தம் இல்லாததால், நின்று திரும்பும் பிஸ்டனின் இழுவை முழுவதையும் ராடும் அதன் போல்ட்டுகளும் தாங்க வேண்டும். வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்காகும். போல்ட்டுகளை மட்டும் எப்போதும் புதிதாகப் போடுங்கள்.

கடைசியில் சிறிய பின்னுக்குரிய பழைய ஃபோர்ஜிங் (காய்ச்சி அடித்து உருவாக்கிய) ராடுகளே ஒரு செட் கிடைத்தன. சாலையில் ஓட்டும் காருக்கு H வடிவக் குறுக்குவெட்டுள்ள எச்-பீம் ராடின் செலவு வேண்டியதில்லை என்பது என் கருத்து. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சுண்ணாம்புக்கட்டித் தூளைப் பூசி, எங்காவது ஈரக்கோடு கசிகிறதா என்று பார்த்தேன். மயிரிழை விரிசல்கள் அதற்கு அகப்படா என்பதால் காந்தச் சோதனைக்கும் அனுப்பினேன். ராடின் பெரிய முனையைக் கிராங்க் பின்னோடு சேர்த்து மூடும் கேப்புகள் ஒன்றோடொன்று மாறாதபடி எண்களைச் சரிபார்த்தேன். பிறகு தெரிந்த நகைக்கடையின் தராசில், ஒரு முனையை நூலில் தொங்கவிட்டு மறுமுனையைத் தட்டில் வைத்து, பெரிய முனையையும் சிறிய முனையையும் தனித்தனியாக நிறுத்தோம். நான்காவது ராடின் பெரிய முனை ஆறு கிராம் கூடுதலாக இருந்தது. கேப்பின் அடியில் எடை சரிசெய்வதற்கென்றே விட்டிருக்கும் திட்டிலிருந்து சிறிது சிறிதாக அராவி, ஒரு கிராம் வித்தியாசத்துக்குள் கொண்டுவர ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று.