பெடலை மிதிக்க ஓர் ஆள்

2025 ஜூன் 12, வியாழக்கிழமை. அங்கே மேட்டூர் அணை திறக்கிற நாள். இங்கே மெல்பர்னில் நல்ல குளிர். டான்டினாங் சிக்னலில் கிளட்சை மிதித்தேன், பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது, திரும்பி வரவே இல்லை. பின்னால் வரிசையாக வண்டிகள். இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டபடியே சாவியைத் திருகி, ஸ்டார்ட்டர் இழுத்த இழுப்பில் எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன்.

1998 கொரோலா. ஒரு ஒர்க் ஷாப்பில் 600 டாலர் கேட்டார்கள். பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தத்தில் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர்தான் போயிருந்தது. அதன் விலை 70தான், மீதி கூலி. சரி, நாமே மாற்றுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன். சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியேதான் இருக்கிறது. இரண்டு போல்ட், ஒரு பைப் நட், அவ்வளவுதான். ரப்பர் உறையை விலக்கியதும் கருப்பட்டிக் காப்பி மாதிரி பிரேக் ஆயில் ஒழுகியது. அது பட்டால் பெயிண்ட் போய்விடும், அதனால் பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீர். புதுசை மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆயில் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுப்பதில்தான் மாட்டிக்கொண்டேன். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் கீழே படுத்து, காற்று வெளியேற சிலிண்டரில் இருக்கும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மனைவிக்கு அன்றைக்கு ட்யூட்டி. தெருவில் நாலைந்து பேர் போனார்கள், சிரித்துக் கையசைத்தார்கள், போய்விட்டார்கள். நல்ல மனிதர்கள்தான். இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷம், எல்லாம் பழகிவிட்டது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் பானெட்டைத் தூக்கினால் போதும், டீக்கடை பெஞ்சு காலியாகிவிடும். குறுவை நாற்றங்காலுக்கு இறைக்கும்போது ஆயில் இன்ஜின் ஓடும், பம்பு தண்ணீர் எடுக்காது. உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் தூசி அடைத்துத் தண்ணீர் இறங்கியிருக்கும், குழாய்க்குள் காற்று. அப்பா குழாய் இணைப்பில் சாணியை அப்புவார், சித்தப்பா குடம் குடமாக ஊற்றுவார், அடுத்த வயல் மாமா கேட்காமலே வந்து கைப்பிடியைச் சுற்றுவார், டெலிவரி வாயை உள்ளங்கையால் பொத்திக்கொள்வது என் வேலை. முதலில் ஒரு இருமல், அப்புறம் நுரை, அப்புறம் கையைத் தள்ளிக்கொண்டு வரும் பாருங்கள் தண்ணீர், அந்தக் குளிர்ச்சி இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

நாலு மணிக்கு மனைவி வந்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சீட்டில் உட்கார்ந்தாள்.

"மிதி... பிடிச்சுக்கோ... மூடிட்டேன், விடு."

நிப்பிளில் மாட்டிய டியூபை ஒரு பாட்டிலில் விட்டிருந்தேன். முதலில் நுரை நுரையாக வந்தது, அப்புறம் கடுகு கடுகாகக் குமிழி. நடுநடுவே எழுந்து பானெட்டுக்குள் இருக்கும் ஆயில் டப்பாவில் ஆயில் ஊற்றினேன், அது காலியானால் மறுபடியும் காற்று ஏறிவிடும். இருபது தடவை இருக்கும்.

"என்னங்க, இப்ப கெட்டியா இருக்கு" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ராத்திரி அப்பா கூப்பிட்டார். கல்லணை திறந்தாச்சாம், ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு தாண்டி நம்ம பாமணியாற்றில் தண்ணீர் வர இன்னும் சில நாள் ஆகுமாம். கிளட்ச் கதையைச் சொன்னேன். எவ்வளவு செலவு, எவ்வளவு மிச்சம், எதுவும் அவர் கேட்கவில்லை.

"மிதிக்க யாருப்பா இருந்தா?" என்றுதான் கேட்டார்.