தூணுக்குத் தூண் இடைவெளி: கிரீட்டாவில் ஒரு பிராகாரம்

கிரீட்டா என்ற ஓவிய மென்பொருளில் வரைந்த இராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிராகாரம் இரண்டு முறை சொதப்பி, மூன்றாவதில் உருப்பட்டது. வேனிஷிங் பாயிண்ட் அசிஸ்டண்ட் (கோடுகளை ஒரு மறைபுள்ளிக்கு, அதாவது தூரத்தில் அவை ஒன்றுசேரும் இடத்துக்கு, இழுக்கும் வழிகாட்டி) கோட்டுக்குத் திசை மட்டும்தான் காட்டும். அடுத்த தூண் எங்கே நிற்கும் என்று சொல்லாது. கண்ணளவில் நட்டால் ஐந்தாவது தூணிலேயே பல்லிளிக்கும்.

முதல் தூணின் உச்சியிலிருந்து இரண்டாவதன் நடுப்புள்ளி வழியாகக் கோடு இழுத்து மூன்றாவதைப் பிடிக்கும் பழைய முறை தப்பில்லை. ஆனால் ஒரு தூணில் விழும் பிழை அடுத்ததற்கும் தொற்றிக்கொள்கிறது. பத்துத் தூணுக்கு மேல் நம்பக்கூடாது.

கைகொடுத்தது 45 பாகைப் புள்ளி: தரைச் சதுரங்களின் மூலைக்கோடுகள் போய்ச் சேரும் இடம். கேன்வாஸ் 4000×2500, நடு மறைபுள்ளி x=2000, y=1300. பார்வைக் கோணம் 60 பாகை என்றால் கேன்வாஸ் அகலத்தில் பாதியான 2000-ஐ, 30 பாகையின் tan ஆன 0.5774-ஆல் வகுக்க வேண்டும்: 3464 பிக்சல். அதே கண்மட்டத்தில் அவ்வளவு தூரம் இடப்பக்கம், அதாவது x=−1464. நன்றாக ஜூம் அவுட் செய்து, கேன்வாஸுக்கு வெளியே இரண்டாவது அசிஸ்டண்டை வைக்கலாம். சோம்பல்பட்டு இடது விளிம்பிலேயே வைத்தால் கோணம் 90 பாகை ஆகிவிடும். முன்வரிசைச் சதுரங்கள் ரப்பர் மாதிரி இழுபடும். இரண்டாவது முறை கெட்டது இதனால்தான்.

இடது வரிசையின் முதல் தூண் அடி x=400. அதிலிருந்து வலப்பக்கம் கிடைக்கோட்டில் 600 பிக்சலுக்கு ஒரு குறி. ஒவ்வொரு குறியிலிருந்தும் இடப்பக்கப் புள்ளிக்குக் கோடு. அது தூண்வரிசையின் அடிக்கோட்டை (முதல் தூண் அடியிலிருந்து நடு மறைபுள்ளிக்குப் போகும் கோடு) வெட்டும் இடங்கள் x=636, 812, 947, 1055. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடைப்பதால் பிழை சேராது. ஆறு குறியில் கேன்வாஸ் முடிந்துவிடும். ஆறாவது வெட்டுப்புள்ளியில் புதுக் கிடைக்கோடு போட்டு, அந்தத் தூரத்தில் 600 பிக்சல் சுருங்கும் அளவான 294 வைத்துத் தொடரலாம்.

எரிச்சல் ஸ்னாப்பில்தான், அதாவது கோட்டை அசிஸ்டண்டோடு ஒட்டவைக்கும் வசதியில். இரண்டு அசிஸ்டண்டும் விழித்திருந்தால், பேனா தொடக்கத்தில் கொஞ்சம் தயங்கினாலும் கோடு தவறான புள்ளிக்கு ஓடுகிறது. இடப்பக்கப் புள்ளிக்கு மூலைக்கோடு போடும்போது நடு மறைபுள்ளியின் ஸ்னாப்பை அணைத்துவிடுவது உத்தமம். மேக்னெட்டிசம் (ஒட்டும் வலு) 1000-க்குக் குறைந்தால் கோடு நெளியும். அசிஸ்டண்டுகளைத் தனிக் கோப்பாகச் சேமித்துக்கொண்டால் அடுத்த படத்துக்கும் உதவும்.

டேப்லெட் பேனாவுக்கு ஃபெல்ட் நிப் வாங்குகிறவர்கள் நாலைந்து சேர்த்தே வாங்கலாம். இவ்வளவு நேர்கோடு இழுத்தால் சீக்கிரம் மழுங்குகிறது.

தூண்கள் மேடைமேல் நிற்பதால், தரையில் குறித்தவற்றை மேடை விளிம்புக்குச் செங்குத்தாக ஏற்ற வேண்டும். வலது வரிசைக்கு அது இன்னும் பாக்கி. அதற்குள் விதானத்து வட்ட ஓவியங்களுக்கு எலிப்ஸ் (நீள்வட்ட) அசிஸ்டண்டை எடுத்தாயிற்று.