மண்டிக் கணக்கும் ஸ்டீம் கணக்கும்

ஒட்டன்சத்திரத்தில் சித்தப்பாவின் காய்கறி கமிஷன் மண்டியில் பதினான்கு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். விவசாயி சரக்கைக் கொண்டுவந்து கடையில் இறக்குவார். நாங்கள் ஏலம் விடுவோம். வியாபாரி எடுப்பார், பெரும்பாலும் கேரளாவுக்கு லோடு போகும். விற்ற பணத்தில் நூற்றுக்குப் பத்து எங்கள் கடைக் கமிஷன், மீதி விவசாயிக்கு. ராத்திரி பில்லையெல்லாம் ஒத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், தூங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரில் கேம். கல்யாணத்துக்கு முன்பும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான்.

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். அவனுக்குப் புதுசாக கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். "மாமா, ஒரே கேம் நெட்ல மூணு நாலு கடைல இருக்கு. எதுல வாங்குறது?" என்றான். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசிவிட்டேன். பேசும்போதுதான் தெரிந்தது, இந்தக் கடைகளின் சண்டையை நான் இத்தனை நாளும் மண்டிக்காரன் கண்ணால்தான் பார்த்து வந்திருக்கிறேன் என்று.

கம்ப்யூட்டர் கேம்களை நெட்டில் விற்கும் பெரிய கடை ஸ்டீம். 2003 செப்டம்பரில் வால்வ் என்கிற கேம் நிறுவனம் அதைத் தொடங்கியபோது அது கடையே இல்லை. கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரியான தன் சொந்த கேம்களுக்குப் புது அப்டேட் அனுப்ப ஒரு வழி, அவ்வளவுதான். 2004 நவம்பரில் ஹாஃப் லைஃப் 2 வந்தது. பெட்டியில் டிஸ்க்காக வாங்கினாலும் ஸ்டீம் கணக்கு இல்லாமல் அது ஓடாது. அடுத்த வருடமே மற்றவர்களின் கேம்களையும் விற்க ஆரம்பித்தது. நான் அப்போது பழநியில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாடிக்கொண்டிருந்த பையன். அங்கே எந்த கேமையும் யாரும் காசு கொடுத்து வாங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. நானும் வாங்கியதில்லை. டாலரில் விலை, வெளிநாட்டுக் கடைக்குச் செல்லுபடியாகும் கார்டு, இரண்டுமே எங்கள் வீட்டுக்குத் தூரம்.

2015 நவம்பரில் ஸ்டீமில் விலை ரூபாயில் வந்தது. அந்த மாதம்தான் என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேமைக் காசு கொடுத்து வாங்கினேன். திருட்டுப் பிரதிகளுக்குப் பெரும்பாலும் விலை காரணமில்லை, சேவைக் குறைவுதான் காரணம் என்று வால்வின் கேப் நியூவெல் 2011இல் சொல்லியிருக்கிறார். என்னைப் பொறுத்தவரை இரண்டும் காரணம். இரண்டையும் சரி செய்தார்கள், நான் வாங்கினேன். அதற்கான நன்றி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

ஆனால் கேம் செய்தவர்களிடம் ஸ்டீம் எடுக்கும் கமிஷன் எவ்வளவு என்று பிறகு தெரிந்தபோது அதிர்ந்துபோனேன். நூற்றுக்கு முப்பது! எங்கள் ஊரில் அப்படி ஒரு மண்டிக்காரர் கேட்டால் அடுத்த நாள் ஒரு மூட்டை அவர் கடையில் இறங்காது. அதை 2018 நவம்பர் கடைசியில் ஸ்டீம் கொஞ்சம் தளர்த்தியது. ஒரு கேமின் விற்பனை ஒரு கோடி டாலரைத் தாண்டினால் அதற்கு மேல் 25 சதவீதம், ஐந்து கோடியைத் தாண்டினால் 20. அதாவது நூறு மூட்டைக்காரருக்குச் சலுகை, ஐந்து மூட்டைக்காரருக்கு முழுக் கமிஷன். சலுகை தேவைப்படுவது ஐந்து மூட்டைக்காரருக்குத்தானே? எனக்கு இது இன்றுவரை ஒப்பவில்லை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 6ஆம் தேதி எபிக் என்கிற இன்னொரு கேம் நிறுவனம் தன் கடையைத் திறந்தது. ஃபோர்ட்நைட் என்கிற தன் கேமில் சம்பாதித்த பணம் அவர்களிடம் இருந்தது. எல்லோருக்கும் ஒரே கமிஷன், நூற்றுக்குப் பன்னிரண்டு. எங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் வருகிற கணக்கு. சரி, இனி எல்லாச் சரக்கும் அங்கேதான் போகும் என்று நினைத்தேன்.

போகவில்லை. காரணம் மார்க்கெட்டில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். விவசாயி கமிஷனை மட்டும் பார்ப்பதில்லை, எந்தக் கடை வாசலில் வியாபாரிகள் நிற்கிறார்கள் என்று பார்க்கிறார். வியாபாரியோ எங்கே சரக்கு நிறைய இறங்குகிறது என்று பார்க்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே பழைய கடையில் நிற்பார்கள். இதை உடைக்கப் புதுக் கடைக்காரருக்கு ஒரு வழிதான் உண்டு: அட்வான்ஸ். விதைக்கும்போதே பணத்தைக் கையில் கொடுத்துவிட்டால் அறுப்பு நம் கடைக்குத்தான் வந்தாக வேண்டும்.

எபிக் செய்தது அச்சு அசல் இதே. கன்ட்ரோல் கேமுக்கு 94.9 லட்சம் யூரோ. பார்டர்லேண்ட்ஸ் 3 ஒப்பந்தத்துக்கு 14.6 கோடி டாலர். இந்த இரண்டாவது தொகை 2021இல் ஆப்பிளோடு நடந்த வழக்கில் ஆவணமாக வெளியே வந்தது. இந்த கேம்கள் பல மாதங்களுக்கு, சில ஒரு வருடத்துக்கு, எபிக்கில் மட்டும். மெட்ரோ எக்ஸோடஸ் வெளியாக மூன்று வாரம்கூட இல்லாத நேரத்தில், 2019 ஜனவரி 28 அன்று, ஸ்டீமிலிருந்து எபிக்குக்கு மாறியது. அதற்குள் ஸ்டீமில் முன்பதிவு செய்திருந்தவர்களுக்கு மட்டும் ஸ்டீமிலேயே கிடைத்தது. அன்றைக்குக் கோபப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் கோபம் இப்போது எனக்குப் பாதியாகக் குறைந்துவிட்டது. சித்தப்பாவும் அட்வான்ஸ் கொடுப்பவர்தான். அதை வாங்கியவர் வேறு கடையில் நல்ல விலை போகிறதென்று தெரிந்தும் எங்கள் கடையிலேயே இறக்கிவிட்டு முகம் வாடி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்த அட்வான்ஸ் இல்லாவிட்டால் தக்காளியே நட்டிருக்க மாட்டார் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆலன் வேக் 2 எபிக் பணம் போட்டு வெளியிட்ட கேம். அது ஸ்டீமுக்கு வரவில்லை என்று வருத்தப்படலாம். யாரோ ஒருவர் முன்பணம் கொடுத்ததால்தான் அது வளர்ந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஏற்கெனவே விளைந்து, வண்டியில் ஏறி, கடை வாசலுக்கு வந்துவிட்ட சரக்கைத் திருப்பிக் கொண்டுபோவது வேறு. மெட்ரோவில் நடந்தது அது. அதை இப்போதும் தப்பு என்றுதான் சொல்வேன்.

வாங்குகிறவனுக்கு என்ன கிடைத்தது? கமிஷன் குறைந்தாலும் விலை பெரும்பாலும் அதே விலைதான். மெட்ரோ அமெரிக்காவில் 60 டாலருக்குப் பதில் 50 டாலருக்கு வந்தது, அப்படிச் செய்தவர்கள் குறைவு. வேறு கடையில் குறைத்து விற்கவிடாமல் வால்வ் தடுக்கிறது என்று உல்ஃபயர் என்கிற சிறிய நிறுவனம் 2021இல் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. வால்வ் மறுக்கிறது. 2024 நவம்பரில் அதைப் பலருக்கும் சேர்த்து ஒரே குழு வழக்காக நடத்த நீதிமன்றம் அனுமதித்தது.

கடை வசதியைப் பொறுத்தவரை எபிக்கை நம்பி வந்தவர்கள் ரொம்பக் காத்திருந்தார்கள். பல கேம்களைச் சேர்த்து ஒரே பில்லாக வாங்கும் கூடை 2021 டிசம்பரில்தான் வந்தது, கடை திறந்து மூன்று வருடம் கழித்து. ஸ்டீமில் நண்பர்கள், விமர்சனங்கள், கேமில் மற்றவர்கள் செய்து பகிரும் மாற்றங்களான மாட்கள், எல்லாம் ஒரே இடத்தில். பெரிய கேம் நிறுவனங்களே தனிக்கடையை விட்டு வந்தன. தனிக்கடை போட்ட இஏ 2019இல் ஸ்டீமுக்குத் திரும்பியது, யுபிசாஃப்ட் 2022இல். பெதஸ்டா, கேம்களை வாங்கித் திறப்பதற்கான தன் செயலியான லாஞ்சரையே 2022இல் மூடிவிட்டு வாடிக்கையாளர்களை ஸ்டீமுக்கு அனுப்பியது.

இலவசங்களைச் சொல்லாமல் விட்டால் எபிக்குக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். வியாழன் இரவு எங்கள் நேரப்படி எட்டரைக்கோ ஒன்பதரைக்கோ புது கேம் வரும். லாரி ஏற்றும் இடத்தில் நின்றுகொண்டே போனில் எடுத்துவிடுவேன். முதல் ஒன்பது மாதத்தில் கொடுத்த 38 கேம்களுக்கு எபிக் செலவழித்தது 1.16 கோடி டாலர், அதே வழக்கு ஆவணங்களில் இருக்கிறது. முதலில் கொடுத்தது சப்நாட்டிகா. கடலுக்கடியில் மூச்சு தீர்ந்துபோகிற பயத்தோடு நான் விளையாடிய அந்த இரவுகளை மறக்கவே முடியாது. ஐந்து பைசா கொடுக்கவில்லை. இப்போது என் எபிக் கணக்கில் முந்நூறுக்கு மேல் கேம் இருக்கிறது. திறந்து பார்த்தது இருபது இருக்கும். சப்நாட்டிகாவின் அடுத்த பாகத்தை வாங்க நினைத்தபோது கை தானாக ஸ்டீமுக்குத்தான் போனது. இலவசமாகக் கொடுத்த காய்க்காக வருகிறவர் அடுத்த நாள் காசோடு வருவார் என்று நிச்சயமில்லை.

போட்டியால் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது என்று நான் நினைப்பது வேறு. ஒன்று, பணத்தைத் திரும்பப் பெறும் வசதி. இஏவின் கடையான ஆரிஜின் 2013இலேயே ஆரம்பித்துவிட்டது. 2014இல் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் வால்வ்மீது வழக்குப் போட்டது. 2015 ஜூனில் ஸ்டீம் எல்லோருக்கும் கொண்டுவந்தது: வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் பணம் வாபஸ். கம்ப்யூட்டர் தாங்குமா தாங்காதா என்று தெரியாமல் வாங்குகிற என்னைப் போன்றவனுக்கு எந்தத் தள்ளுபடியையும்விட இது பெரிது. இன்னொன்று நேரடியாக எனக்கு இல்லை, ஆனாலும் சந்தோஷப்பட்டேன். 2025 ஜூன் முதல் எபிக்கில் ஒரு கேம் வருடத்தில் ஈட்டும் முதல் பத்து லட்சம் டாலருக்குக் கமிஷனே கிடையாது. ஐந்து மூட்டைக்காரரை முதலில் நினைத்த கணக்கு இது.

மூன்றாவது விஷயம், வாங்கிய கேம் நமக்குச் சொந்தமா என்பது. அதற்குத்தான் அக்கா மகனிடம் அதிக நேரம் செலவழித்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கார் ரேஸ் கேமைத் தள்ளுபடியில் வாங்கினேன். கம்பெனி சர்வரை மூடியது, கேம் முடிந்தது. தனியாக ஓட்டுவதற்குக்கூட வழியில்லை. என் மகளை மடியில் உட்காரவைத்து ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கேம் அது. காசு கொடுத்தவன் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மண்டியில் வியாபாரி பணம் கட்டிவிட்டால் மூட்டை அவருடையது. நாளைக்கு எங்கள் கடையே மூடினாலும் அவர் மூட்டையை நாங்கள் தொட முடியாது. கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் போட்டார்கள், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது: விற்பது பொருளை அல்ல, உரிமத்தை என்றால் அதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டீம் அதற்குச் சில மாதம் முன்பே பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரியைப் போட்டுவிட்டது. படித்தபோது வயிற்றில் என்னவோ செய்தது. என் பத்து வருடச் சேமிப்பு முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

அதனால்தான் ஜிஓஜி. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் 2008இல் பழைய கேம்களுக்காகத் தொடங்கிய சின்னக் கடை. பூட்டு எதுவும் கிடையாது. இன்ஸ்டாலரை முழுதாக இறக்கி நம் ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம், பிறகு நெட் வேண்டாம், லாஞ்சர் வேண்டாம், யாரிடமும் கேட்கவும் வேண்டாம். எல்லா கேமும் அங்கே வராது. விலையும் ரூபாயில் இல்லை. ஸ்டார்டியூ வேலியை ஸ்டீமில் வைத்திருந்தும் அங்கே மறுபடி வாங்கினேன், ஸ்டீமில் கொடுத்ததைவிட அதிகம் கொடுத்து. ஒரே ஆள் நாலு வருடத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து செய்த கேம் அது. விதைத்து, தண்ணீர் ஊற்றி, அறுத்து, பெட்டியில் போட்டால் மறுநாள் காலையில் பணம் வரும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

போன ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போனபோது அந்த ஹார்ட் டிஸ்கை எடுத்துப்போய், என் கணக்கில் வாங்கியதை அவனுக்குப் போட்டுக்காட்டினேன். அவர்கள் வீட்டில் நெட் அன்றைக்கு வேலை செய்யவில்லை. கேம் ஓடியது. கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு, "மாமா, இதுல எனக்குன்னு தனியா ஒண்ணு வாங்கணும்" என்றான். தீபாவளிக்கு வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எந்தக் கடையில் என்று அவன் கேட்கவில்லை.