பெயர் தெரிந்துவிட்டால் காது மாறிவிடுகிறது

ஜாய்ஸ் ஹாட்டோ கதையைப் படித்ததிலிருந்து விமர்சனம் எதைப் படித்தாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. இங்கிலாந்து பியானோ கலைஞர், 1970களிலேயே மேடையை விட்டு ஒதுங்கியவர், புற்றுநோயாளி. ஆனால் வயதான காலத்தில் அவர் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட சிடிக்கள் வந்தன, எல்லாம் கணவருடைய சின்ன கம்பெனி வெளியிட்டவை. விமர்சகர்கள் உருகி உருகி எழுதினார்கள். 2006-ல் அவர் காலமானார். 2007 பிப்ரவரியில் ஒருவர், ஃபிரான்ஸ் லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் படைப்புகளை அவர் வாசித்ததாகச் சொன்ன சிடியைக் கம்ப்யூட்டரில் போட, பாட்டு கேட்கும் மென்பொருளான ஐடியூன்ஸ் லாஸ்லோ ஷிமோன் என்று வேறொரு கலைஞரின் பெயரைக் காட்டியது. அப்புறம் தோண்டத் தோண்ட ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மற்றவர்களின் பதிவுகளை எடுத்து, சிலவற்றின் வேகத்தைக் கொஞ்சம் மாற்றி, மனைவி பெயரில் வெளியிட்டதைக் கணவரே ஒப்புக்கொண்டார்.

அதில் ஒன்று ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினாஃபின் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோ (ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து பியானோ வாசிக்கும் படைப்பு). உண்மையில் வாசித்தவர் யெஃபிம் பிரான்ஃப்மன். அந்தப் பதிவு முதலில் வந்தபோது சுமார்தான் என்கிற மாதிரி எழுதிய அதே விமர்சகர், பல வருடம் கழித்து ஹாட்டோ பெயரில் கேட்டுவிட்டுத் தூக்கி வைத்துப் பாராட்டினார்.

எல்லோரும் இந்த இரண்டாவது விமர்சனத்தைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். எனக்கு வருத்தம் முதல் விமர்சனத்தின் மேல். வாசிப்பு நன்றாகத்தான் இருந்திருக்கிறது, அதை முழுசாகக் கேட்க வைக்க ஒரு கதை தேவைப்பட்டிருக்கிறது. அப்படியானால் கதை இல்லாததால் மட்டுமே சரியாகக் கேட்கப்படாமல் போன ஷிமோன்கள் எத்தனை பேர்?

கண்ணும் இதில் கூட்டு. சியா-ஜங் ட்ஸே என்ற ஆய்வாளர் (அவரே பியானோ வாசிப்பவர்) 2013-ல் வெளியிட்ட ஆய்வில், இசைப் போட்டிகளில் ஜெயித்தது யார் என்று ஊகிக்கச் சொன்னார். ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட, சத்தமே இல்லாத வீடியோவைப் பார்த்தவர்கள்தான் அதிகம் சரியாகச் சொன்னார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களும் அப்படித்தான். இத்தனைக்கும் இசையில் முக்கியம் ஒலிதான் என்று நம்புகிறவர்கள் அவர்கள்.

நானும் தம்பியும் பாடுபவர் பெயர் சொல்லாமல் ஆலாபனை (தாளமில்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) போட்டுக் கேட்பதுண்டு. யூடியூபில் என்றால் பாடகர் படம், எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள், கீழே 'தெய்வீகம்' என்று நாலு கமெண்ட், பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே பாதித் தீர்ப்பு எழுதியாகிவிடும். பெயர் தெரியாதபோது வேறு வழியில்லை, தோடி ராகத்தில் காந்தாரத்தை, அதாவது 'க' ஸ்வரத்தை, எவ்வளவு அசைக்கிறார், அதில் எவ்வளவு நேரம் நிற்கிறார், மேலே போகும்போது அவசரப்படுகிறாரா என்று ஒவ்வொன்றாகக் காது கொடுத்தே ஆகவேண்டும். பெயர் தெரிந்தபின் அதே இடம் வந்தால் 'அவர் பாணி' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ரசனை என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பாதி இந்த அவசரம்தான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்கள் பலவற்றில் ஆள் எடுக்கும்போது வாசிப்பவருக்கும் தேர்வுக்குழுவுக்கும் நடுவே திரை போடுகிறார்கள். நடந்துவருகிற செருப்புச் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடக் கூடாதென்று சில இடங்களில் கம்பளம்கூட விரிக்கிறார்கள். நம் சபாக்கள் டிசம்பர் சீசனில் புதியவர்களுக்கான மதியக் கச்சேரிகளையாவது இப்படித் தேர்ந்தெடுக்கலாம். பதிவுகளிலிருந்து பெயர், குரு, ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எண் மட்டும் போட்டுக் குழுவிடம் கொடுத்தால் போதும், பெரிய செலவொன்றும் இல்லை.