அட் எங்க இருக்கு?

"தம்பி, இந்த அட்டு எங்க கீது?"

தண்டையார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை. மகனுடைய சான்றிதழைக் காலேஜுக்கு மெயில் பண்ண ஒரு அக்கா வந்திருந்தார். கடைப்பையன் அடித்திருந்தால் இரண்டு நிமிட வேலை. அக்கா விடவில்லை. "நீ சொல்லு, நான் அடிக்கிறேன்."

இடது கை விரல் ஷிஃப்டை அமுக்கிக்கொண்டிருக்க, வலது கை விரல் 2-ஐத் தேடிப் போய் அழுத்தியது. திரையில் @ வந்ததும் ஒரு சிரிப்பு பாருங்கள்!

1971-ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்க இன்ஜினியர், மெயில் முகவரியில் ஆள் பெயரையும் கம்ப்யூட்டர் பெயரையும் பிரிக்கத் தேர்ந்தெடுத்த குறி அது.

அப்புறம் சப்ஜெக்ட், அட்டாச்மென்ட். ஃபைல் ஏறி முடியும்வரை பையன் சென்ட் பட்டனைத் தொடவிடவில்லை. நல்ல வாத்தியார்.

நம்ம பக்கம் பலருக்கு மெயில் ஐடி இருக்கிறது. பாஸ்வேர்ட்தான் கடைக்காரரிடம் இருக்கிறது. சில ஐடிகளில் ரெக்கவரி நம்பர்கூட, அதாவது பாஸ்வேர்ட் மறந்தால் ஐடியை மீட்க உதவும் போன் நம்பர்கூட, கடையினுடையதுதான். கடையை மூடிவிட்டால் ஐடியும் போச்சு.

ஜிமெயில் என்றால் கூகுள் அக்கவுன்ட் செட்டிங்ஸில் ரெக்கவரி போன் என்று இருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஐடியில் அங்கே யார் நம்பர் இருக்கிறது? ஒருமுறை பாருங்கள். அப்படியே பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.